காக்காய் உட்கார, கொய்யாப்பழம் விழ...

ஆர்கோனைட் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெயரைக் கேட்டால் ஏதோ வாட்டர் டேங்க் கம்பெனி போல இருக்கும். அது இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி பிரமிட். கண்ணாடி மாதிரி பளபளக்கும். உள்ளே செம்புக் கம்பிச் சுருள், அலுமினியத் துருவல், நடுவில் ஒரு படிகக் கல், அழகுக்குக் கொஞ்சம் ஜிகினா. ஜெல்லி மிட்டாய்க்குள் லேத் பட்டறைக் குப்பை விழுந்துவிட்டது போலத் தோற்றம். ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாயில் ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் போகிறது.

இது என்ன செய்யும்? சுற்றுப்புறத்தில் இருக்கும் கெட்ட சக்தியை உள்ளே இழுத்து, நல்ல சக்தியாக மாற்றி வெளியே விடுமாம். மேஜையில் வைத்தால் மனம் அமைதியாகும். மரத்தடியில் புதைத்தால் மரம் செழிக்கும், பூச்சி ஓடும், பறவைகள் தேடிக்கொண்டு வரும், செல்போன் டவரின் கதிர்வீச்சு வாலைச் சுருட்டிக்கொள்ளும். மாமியார் விஷயத்தில் உதவுமா என்பது மட்டும் நோட்டீஸில் இல்லை.

நோட்டீஸை என்னிடம் கொடுத்தவர் என் மச்சினர். மனைவியின் அண்ணன். எனவே இந்த விஷயத்தை நான் எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியிருந்தது என்பது கல்யாணமானவர்களுக்குப் புரியும். ஆகாதவர்கள் குறித்து வைத்துக்கொள்ளவும்.

மச்சினர் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 2020-ல் கொரோனா வந்தபோது வேலையை விட்டுவிட்டு, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் அப்பாவின் ரெண்டரை ஏக்கர் கொய்யாத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். ஆயக்குடி கொய்யா தெரியும் இல்லையா? பழனிக்கு மொட்டை போடப் போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் உப்பு மிளகாய்ப் பொடி தூவி வாங்கித் தின்றிருப்பீர்களே, அதேதான்.

போன வருஷம் ஜூன் மாதம் தோட்டத்தில் இருபத்துநாலு பிரமிட் புதைத்தார். செப்டம்பரில் எனக்கு போன்.

"மாப்ளே, தோட்டத்துக்குக் கரிச்சான் வந்திருச்சு. தேன்சிட்டு, குக்குறுவான், புள்ளி ஆந்தை, கீரிப்பிள்ளை... ஒரு மரநாய்கூட வந்துட்டுப் போகுது. எல்லாம் இந்த பிரமிட் வெச்ச பிறகுதான்!"

"ரொம்ப சந்தோஷம் மச்சான்."

"அந்தக் கம்பெனிக்காரன் நம்ம ஏரியா டீலர்ஷிப் தர்றேங்கிறான். மூணு லட்சம் டெபாசிட். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டியாச்சு. மீதிக்கு உங்க அக்காவோட நகை இருக்கு..."

'உங்க அக்கா' என்பது அவருடைய மனைவி. போனை வைத்ததும் என் மனைவி சொன்னது ஒரே வாக்கியம்: "அண்ணி நகை பாங்க்குக்குப் போகறதுக்குள்ளே நீங்க ஆயக்குடிக்குப் போங்க." இரண்டு நாள் காஷுவல் லீவ் அதில் போயிற்று.

*

பஸ்ஸில் போகிற நேரத்தில் உங்களுக்கு இந்த ஆர்கோன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே சுவாரஸ்யமான கதை.

வில்ஹெம் ரைஷ் என்று ஒரு டாக்டர். 1897-ல் பிறந்தவர். வியன்னாவில் ஃப்ராய்டின் சிஷ்யகோடிகளில் ஒருவர், கெட்டிக்காரர். 1930-களின் கடைசியில், 'ஆகாயமெங்கும் ஒரு ஜீவ சக்தி நிரம்பியிருக்கிறது, அதன் பெயர் ஆர்கோன்' என்று அறிவித்து, அமெரிக்காவில் குடியேறினார். மரமும் உலோகமும் அடுக்கடுக்காக வைத்து அலமாரி மாதிரி ஒரு பெட்டி செய்தார். உள்ளே ஆள் உட்கார்ந்தால் ஆர்கோன் சேரும், வியாதி தீரும் என்றார்.

1941 ஜனவரியில் இவர் நேரே ஐன்ஸ்டைன் வீட்டுக்குப் போய்விட்டார். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பேசினார்கள். 'என் பெட்டிக்கு மேலே வெப்பநிலை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதற்குக் காரணம் ஆர்கோன்' என்பது ரைஷின் வாதம். ஐன்ஸ்டைன் சிரித்து அனுப்பிவிடவில்லை. சிறிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்துத் தானே தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தார். வித்தியாசம் இருந்தது! ஆனால் காரணம் வேறு. அறையில் தரைப் பக்கம் குளிர்ச்சி, கூரைப் பக்கம் வெதுவெதுப்பு. காற்று அப்படி ஏறி இறங்குவதால் வருகிற வித்தியாசம் அது என்று கண்டுபிடித்து மரியாதையாகக் கடிதம் எழுதினார். ரைஷ் ஒரு மிக நீண்ட பதில் எழுதினார். ஐன்ஸ்டைன் அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து, நம் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. 1953 ஜூலையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மழையில்லாமல் ப்ளூபெர்ரி பயிர் காய்ந்துகொண்டிருந்தது. விவசாயிகள் சிலர் ரைஷிடம் வந்து, 'மழை வரவழைத்தால் பணம் தருகிறோம்' என்றார்கள். அவரிடம் 'மேகம் உடைக்கும் கருவி' ஒன்று இருந்தது. நீளநீளமான காலிக் குழாய்கள், அவற்றின் அடியிலிருந்து தண்ணீருக்குள் போகிற ஹோஸ். அதை வானத்தை நோக்கித் திருப்பினார். மழை பெய்தது! விவசாயிகளும் சொன்னபடி பணம் கொடுத்ததாகச் செய்தி.

நம் ஊரில் இதே வேலைக்குக் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைக்கிறோம். அதற்குப் பிறகும் என்றாவது ஒரு நாள் மழை பெய்யத்தான் செய்கிறது. குழாயைத் திருப்பாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மெய்னில் மழை பெய்திருக்காதா என்று கேட்டால் பதில் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மெய்ன் இல்லையே.

பாக்கிக் கதை சோகம். 1954-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா வழக்குப் போட்டு, பெட்டி விற்கத் தடை வாங்கியது. தடையை மீறியதாக இரண்டு வருஷ ஜெயில் தண்டனை. 1956-ல் அவருடைய புத்தகங்களை டன் கணக்கில் எரித்தார்கள். ஒரு ஆள் சொல்வது தப்பு என்பதற்காகப் புத்தகத்தை எரிப்பது அதைவிடப் பெரிய தப்பு. 1957 நவம்பரில் ஜெயிலிலேயே இறந்துபோனார்.

அவரோடு போன ஆர்கோனை 1990-களில் கார்ல் ஹான்ஸ் வெல்ஸ் என்பவர் பிசினில் போட்டு உறைய வைத்தார். பிசின் பாதி, உலோகத் துருவல் பாதி, பெயர் ஆர்கோனைட். 2000 வாக்கில் டான் கிராஃப்ட் என்பவர் அதில் படிகக் கல்லைச் சேர்த்தார். செல்போன் டவர்களுக்குப் பக்கத்தில் புதைப்பது அவர் கிளப்பிவிட்ட வழக்கம். அது எப்படியோ கடல் கடந்து, ஜிகினா சேர்ந்து, ஆயக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

படிகக் கல் எதற்கு? 'பிசின் உறையும்போது சுருங்குகிறது. உள்ளே இருக்கும் கல்லை இறுக்குகிறது. இறுக்கினால் படிகம் மின்சாரம் தரும்' என்று நோட்டீஸ் சொல்கிறது. இதில் பாதி சத்தியம். படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-லேயே க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் சமையலறையில் அதே தத்துவத்தில் ஒரு சாதனம் இருக்கிறது: கேஸ் லைட்டர். 'டக்'கென்று அழுத்தினால் பொறி வரும். அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு நின்றால்? ஒன்றும் வராது, கைதான் வலிக்கும். அழுத்தம் மாறும்போதுதான் மின்சாரம். பிசினுக்குள் நிரந்தரமாக மாட்டிக்கொண்ட கல், அழுத்திப் பிடித்த லைட்டர் மாதிரி சும்மா இருக்கும்.

*

தோட்டத்தில் இறங்கியதும் மச்சினர் முதலில் காட்டியது பிரமிட்டை அல்ல, ஒரு நோட்டு. நாற்பது பக்க ரூல்டு நோட்டு. திருப்பூரில் கணக்கு எழுதிய கை இல்லையா, தேதி, நேரம், மரத்தின் நம்பர் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். 'காலை 6.20, கரிச்சான் 2, மோட்டார் ரூம் ஒயர் மேல்.' 'மாலை 6.40, ஆந்தை, பழைய முருங்கை.' 'குக்குறுவான் பட்ட கிளையில் ஓட்டை போடுகிறது. டுக் டுக் சத்தம். இரண்டு நாளாக.' இப்படி முப்பது பக்கம்.

எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது. ஆபீஸில் நாம் எழுதுகிற எந்த ரிஜிஸ்தரும் இவ்வளவு நேர்மையாக இருக்காது.

"மச்சான், இதுக்கு முந்தின நோட்டு எங்கே?"

"முந்தினதா? பிரமிட் வெச்ச அன்னிக்குத்தான் எழுத ஆரம்பிச்சேன்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நோட்டின் முதல் தேதியும் பிரமிட் புதைத்த தேதியும் ஒன்று. அதற்கு முன்னால் பறவைகள் எத்தனை என்ற கேள்விக்கு நோட்டில் ஒரே விடை, பூஜ்யம். பறவை இல்லாததால் வந்த பூஜ்யமா, பார்க்காததால் வந்த பூஜ்யமா?

தோட்ட வேலைக்கு வருகிற பாட்டி ஒருவர் களை வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"கரிச்சானுங்களா? அது எப்பவும் இருக்குதுங்க. மாடு மேயறப்ப முதுகு மேலேயே உக்காந்து வருமே. மருந்து அடிச்ச காலத்துல கொஞ்சம் கொறைஞ்சுது. மருந்தை நிறுத்தி ரெண்டு வருசமாச்சு, மறுக்கா வந்திருச்சு. தம்பி இப்பத்தான் தலையைத் தூக்கி மேலே பாக்குது."

மச்சினர் பேசவில்லை. பாட்டியே தொடர்ந்தார். மரநாய் மூன்று வருஷமாக வருகிறதாம். பழுத்த பழத்தை மட்டும் பார்த்துத் தின்னுமாம். பாதி கடித்த கொய்யா பனைமரத்தடியில் கிடந்தால் அது வௌவால் வேலை. பழத்தைப் பறித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த்தான் சாப்பிடும். கிளி அப்படியில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கொறித்துவிட்டு மீதியைக் கீழே போட்டுவிடும். நான் நோட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். "எழுதத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் களையை வெட்ட ஆரம்பித்தார்.

மருந்து அடிப்பதை நிறுத்தியது கரிச்சானுக்கு எப்படித் தெரியும்? அது பூச்சி தின்னும் பறவை. பொதுவாக அடிக்கிற பூச்சிக்கொல்லிக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாம் காலி. ஓட்டலை மூடினால் கஸ்டமர் வர மாட்டார், திறந்தால் வருவார். எலி இருந்தால் ஆந்தை வரும். பட்டுப்போன கிளையை வெட்டாமல் விட்டால் குக்குறுவான் அதைக் குடைந்து கூடு வைக்கும். இதற்கெல்லாம் எகிப்து வரை போக வேண்டியதில்லை.

நம் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகளுக்கு இது ஏற்கெனவே தெரியும். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்று பார்த்துத் தெரிந்துகொண்டு, பறவைகளைச் சுடுகிறவர்கள் மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே புகார் கொடுத்து, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு உத்தரவே வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் பைனாகுலர் இல்லை. கண் இருந்தது.

"அப்போ டவர்? டவராலேதானே குருவியெல்லாம் செத்துச்சு? சினிமாவிலேயே காட்டினானே!" என்றார் மச்சினர்.

2018-ல் வந்த '2.0' படத்தைச் சொல்கிறார். அக்ஷய் குமார் செல்போன்களாலான ராட்சசப் பறவையாக வந்து பழிவாங்குவார். படம் பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் 2020-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்று ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுக்கப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கூட்டி, 867 இனங்களைப் பற்றி ஆராய்ந்தது. சிட்டுக்குருவி பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறது, ஆனால் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் இருபத்தைந்து வருஷமாக ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கிறது என்றது அது. டவர்தான் குருவியைக் கொன்றது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பதினைந்தாயிரம் பேர் செய்ததும் மச்சினர் செய்ததும் ஒரே வேலைதான் என்பதைக் கவனியுங்கள்: தேதி போட்டு எழுதிவைத்தது.

*

இதோடு விட்டிருந்தால் இது குடும்ப விவகாரம். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர், நாற்பது பிரமிட்டுக்குச் சொல்லிவைத்திருந்தார். அவருக்குப் பறவைகளைப் பற்றிக் கவலை இல்லை. அவருடைய பிரச்னை பழ ஈ.

கொய்யாவை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியுமே, அந்த ஈயின் குழந்தைகள்தான். பழம் முற்றும்போது தாய் ஈ தோலுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக வெளியே வரும். விழுந்த பழத்தைத் தினம் பொறுக்கி அழிக்க வேண்டும், மெத்தில் யூஜினால் பொறி தொங்கவிட வேண்டும். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் மயங்கி வந்து மாட்டும். இதில் ஜீவ சக்தி எதுவும் இல்லை, காமம்தான்.

பிரமிட் இருக்கிறதே என்று மச்சினர் பொறியையும் எடுத்துவிட்டார், பழம் பொறுக்குவதையும் குறைத்துவிட்டார். இதைப் பார்த்து அந்தக் குத்தகைக்காரரும் செய்தால்? பொறியின் செலவு கொஞ்சம்தான். நாற்பது பிரமிட்டுக்கு அவர் கடன் வாங்க வேண்டும். புழு விழுந்த பழத்தை மண்டியில் யாரும் வாங்க மாட்டார்கள். குத்தகைப் பணம் மட்டும் தேதி தவறாமல் கேட்பார்கள்.

"மச்சான், ஒரு பரீட்சை வெச்சுப் பார்ப்போமா?" என்றேன்.

இந்தப் பரீட்சை என் சரக்கல்ல. 1784-ல் பாரிஸில் நடந்தது. மெஸ்மர் என்பவர் 'காந்த சக்தி'யால் வைத்தியம் செய்வதாக ஊரே அமர்க்களப்பட்டது. மரத்துக்கே அந்தச் சக்தியை ஏற்றிவிடலாம், தொட்டவர்கள் ஆடிப்போவார்கள் என்றார்கள். ராஜா ஒரு கமிட்டி போட்டார். கமிட்டியில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியே போன்ற பெரிய தலைகள். ஃப்ராங்க்ளின் வீட்டுத் தோட்டத்திலேயே நடத்தினார்கள். மெஸ்மரின் சிஷ்யர் டெஸ்லான் ஒரே ஓர் ஆப்ரிகாட் பழ மரத்துக்குச் 'சக்தி' ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்து ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். சாதாரண மரம் ஒவ்வொன்றையும் தொடத் தொட வியர்த்து, தலை சுற்றி, நாலாவது மரத்தடியில் மயங்கியே விழுந்துவிட்டான். சக்தி ஏற்றிய மரம் இன்னும் தள்ளி, யாரும் சீண்டாமல் நின்றுகொண்டிருந்தது!

பையன் நடிக்கவில்லை, நிஜமாகவே மயங்கினான். அவன் நம்பிக்கை அவனை மயக்கியது. ஆகவே எந்த மரத்தில் சக்தி என்பது பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் ரகசியம்.

இருபத்துநாலு பிரமிட்டையும் தோண்டி எடுத்தோம். இருபத்துநாலு துணிப்பை. பன்னிரண்டில் பிரமிட், பன்னிரண்டில் அதே எடைக்கு ஜல்லிக்கல். மச்சினரின் மகன் காலேஜில் முதல் வருஷம். நாங்கள் இருவரும் டீ குடிக்கப் போனபோது அவன் சீட்டுக் குலுக்கிப் போட்டு மரத்துக்கு ஒன்றாகப் புதைத்தான். எதில் எது என்ற பட்டியல் அவனுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸில். அந்த பாக்ஸ் பீரோவில். பீரோச் சாவி என் மாமியாரிடம். ரிசர்வ் வங்கியில்கூட இவ்வளவு பந்தோபஸ்து கிடையாது.

பறவைகளை இதற்கு எண்ண வேண்டாம் என்று முடிவு செய்தோம். கரிச்சான் ஒரு நிமிஷம் இந்த மரத்தில், அடுத்த நிமிஷம் அந்த மரத்தில். எந்த மரத்துக் கணக்கில் எழுதுவது? விழுந்த பழம் அப்படியில்லை, தன் மரத்தடியில்தான் விழும். தினமும் ஒவ்வொரு மரத்தடியிலும் புழுப் பழத்தை எண்ணி எழுதிவிட்டு அழித்துவிட வேண்டும். ஆறு வாரம். மச்சினரே எண்ணினார். அவர் நோட்டின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆறு வாரம் கழித்து மாமியார் சாவி கொடுத்தார். இரண்டு பத்தியாகக் கூட்டினோம். பிரமிட் மரத்துக்கும் ஜல்லிக்கல் மரத்துக்கும் ஒரு கூடைப் பழ வித்தியாசம்கூட இல்லை. எல்லா மரத்திலும் சேர்த்துப் புழுப் பழம் நன்றாகக் குறைந்திருந்தது. தினம் பொறுக்கி அழித்ததும், மழை நின்றதும் காரணமாக இருக்கலாம். முற்றிய சமயம் பார்த்துச் செய்கிற எந்த வைத்தியமும் பலித்த மாதிரிதான் தெரியும். ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் குணமாகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் ஆகும் என்பார்களே, அதுதான்.

மச்சினர் சும்மா விடவில்லை. "மாப்ளே, பிரமிட் சக்தி ஒரு மரத்தோட நிக்காது. அம்பது அடிக்குப் பரவும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான். அது கல்லு வெச்ச மரத்துக்கும் போயிருக்கும்."

"அப்படின்னா பக்கத்துத் தோட்டத்துக்கும் போகுமே மச்சான். அவர் எதுக்கு நாற்பது வாங்கணும்? உங்களுதே அவருக்கும் சேர்த்து வேலை செய்யுமே."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மகன் சிரித்துவிட்டான். அக்கா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து எனக்கு முதலில் கொடுத்தார். வழக்கமாக அண்ணனுக்குத்தான் முதல் டம்ளர்.

பத்தாயிரம் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று கம்பெனியிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது. நகை பீரோவிலேயே இருக்கிறது. குத்தகைக்காரர் தாமாகவே வந்து கேட்டாராம், மச்சினர் நோட்டை அவரிடம் நீட்டி, "நீயே கூட்டிப் பாருப்பா" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொறி வாங்கிக் கட்டிவிட்டார். வருகிற வியாபாரத்தை இப்படித் தன் கையெழுத்தாலேயே கெடுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? என் மனைவியின் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த பிரமிட் ஒரு காரியம் செய்தது. முப்பது வருஷம் குனிந்த தலையோடு லெட்ஜர் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனை நிமிர்ந்து மரத்தைப் பார்க்க வைத்தது. ஆனால் அதற்கு மூன்று லட்சம் டெபாசிட் அவசியமில்லை. நாற்பது பக்க நோட்டு போதும்.

உங்களுக்கும் சொல்கிறேன். மேன்ஷன் மொட்டைமாடி, ஆபீஸ் டீக்கடை வாசல், எங்கே வேண்டுமானாலும் பதினைந்து நிமிஷம் நில்லுங்கள். கண்ணில் பட்ட பறவை எது, எத்தனை, மணி என்ன என்று எழுதுங்கள். காக்காயும் மைனாவும்தான் வந்தால் காக்காயும் மைனாவும் என்றே எழுதுங்கள். வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாடு பூராவும் இதே மாதிரி பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் பார்த்து, பட்டியலை ஈபேர்ட் என்ற தளத்தில் ஏற்றிவிடலாம். கட்டணம் கிடையாது, டிகிரி கேட்க மாட்டார்கள். இந்தப் பொங்கலுக்கு மச்சினர் கலந்துகொண்டார். பாட்டி சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம். நான் ஆபீஸ் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து: பருந்து 3, மாடப்புறா 22, பச்சைக்கிளி 1. அந்தக் கிளியை மானேஜரிடம் காட்டினேன். 'ஃபைல் முடிஞ்சுதா?' என்றார்.

பி.கு: தோண்டியெடுத்த பிரமிட்களில் ஒன்று இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐன்ஸ்டைன், ஃப்ராங்க்ளின், ஜல்லிக்கல் பரீட்சை எல்லாவற்றையும் மனைவியிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "இருக்கட்டும். அண்ணன் கொடுத்தது" என்றாள்.